நஃபீஸத் பெயரில் வெந்த கை

செல்லக்கிளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்தமடையில் காலை ஐந்தே முக்காலுக்கு வரவேண்டிய பேருந்து ஆறு மணிக்கு வந்தால் கண்டக்டருக்கு அன்றைக்கு அர்ச்சனை நிச்சயம். சில கண்டக்டர்கள் அவளைப் பார்த்ததுமே, அவள் வாயைத் திறப்பதற்குள், டயர் பஞ்சர் என்று தாங்களாகவே ஒரு பொய்யைச் சொல்லிவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், புருஷன் பிச்சைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலில் வேலை இருக்கிற மாதிரி கிளம்பிவிடுவார். அறுப்பு முடிந்த வயலில் அப்படி என்ன வேலை என்று கேட்க அவளுக்கும் நேரம் இருக்காது.

இப்படி ஊரையே அதட்டிக்கொண்டு திரிந்தவள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கோபப்பட வேண்டிய ஆளிடம் கோபப்படாமல் அடங்கிப் போனாள். அதற்கான பலனை இன்னும் அனுபவிக்கிறாள்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக அவளுக்குத் துப்புரவு வேலை. நாலு மாடி, வாசலில் ஒரு பிள்ளையார், உள்ளே போனால் குளுகுளு. ஆனால் அவளை ஆஸ்பத்திரி ஆள் என்று சொல்லக் கூடாது. துப்புரவு வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். அவருக்குக் கீழே இசக்கிராஜா என்று ஒரு சூப்பர்வைசர். முப்பது வயதிருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, காதிலிருந்து எடுக்காத போன். சம்பளம் காண்ட்ராக்டரிடமிருந்து வரும். திட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

உப்புக் கறை என்றால் அந்த ஆஸ்பத்திரியில் செல்லக்கிளியைத்தான் கூப்பிடுவார்கள். போர்வெல் தண்ணீர் அப்படி. கழிப்பறைப் பீங்கானில் மஞ்சள் மஞ்சளாகப் படிந்து, என்ன தேய்த்தாலும் அசையாமல் கிடக்கும். அவள் ஆசிட் ஊற்றுவாள். எவ்வளவு நேரம் விட வேண்டும், எப்போது தேய்க்க வேண்டும், எப்போது கதவைத் திறந்து வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கையில் ஒன்றிரண்டு சொட்டுப் பட்டதும் உண்டு. அதற்கெல்லாம் அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"ஆசிடு யோக்கியன்ட்டி," என்பாள் நஃபீஸத்திடம். "மேல பட்ட உடனே சுள்ளுன்னு சொல்லிருவான். தண்ணியில காட்டுனா போயிருவான். மனுசங்கதான் சொல்லாமச் செய்வாங்க."

நஃபீஸத் மேலப்பாளையத்துக்காரி. செல்லக்கிளியைவிட ஆறு வயது இளையவள், அதே மூன்றாம் மாடியில் அதே வேலை. புருஷன் ரசீத் சவூதியில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, ஊர் திரும்பி நாலு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். மகள் தஸ்மியா கல்லூரியில் படித்தாள். அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் நஃபீஸத். மத்தியானம் இரண்டு பேரும் துணி காயப்போடுகிற மொட்டைமாடி நிழலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தி குழம்பு இன்னொருத்தி சோற்றுக்குப் போகும். பெருநாள் கழிந்த மறுநாள் செல்லக்கிளிக்கு ஒரு தூக்குவாளி நிறைய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம் வந்துவிடும்.

துப்புரவுப் பெண்களுக்குள் 'மாத்து' என்று ஒரு வழக்கம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அதற்கு மேல் நல்லது கெட்டதுக்கு லீவு கேட்டால் அன்றைய சம்பளம் போய்விடும், கூடவே இசக்கிராஜாவின் முகமும் கோணிவிடும். அதனால் ஓய்வில் இருக்கிறவள் வந்து லீவு வேண்டியவளின் வேலையைப் பார்ப்பாள். வருகைப் பதிவு நோட்டில் வராதவளின் கையெழுத்தை வந்தவள் போடுவாள். பெருநாளுக்கு நஃபீஸத் பேரில் செல்லக்கிளி. பங்குனி உத்திரத்துக்கு, தாமிரபரணிக் கரையே திரண்டு சாஸ்தா கோயில்களுக்குப் போகிற அன்றைக்கு, செல்லக்கிளி பேரில் நஃபீஸத். நாலு வருஷமாக ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. இரண்டு பேரும் மற்றவள் கையெழுத்தைப் பழகி வைத்திருந்தார்கள்.

இது இசக்கிராஜாவுக்குத் தெரியாமல் நடந்ததா? நன்றாகத் தெரியும். சொல்லப்போனால் வழி காட்டியதே அவன்தான்.

"நோட்டுல ஆளு கொறையக் கூடாது, அம்புட்டுதான். யாரு வாரீய, யாரு போறீயங்கது உங்களுக்குள்ள பாத்துக்கிடுங்க," என்று முதல் வருஷமே சொல்லியிருந்தான்.

இந்த வருஷப் பெருநாள் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்குச் செல்லக்கிளிக்கு ஓய்வு. வழக்கம்போல வந்து நோட்டில் நஃபீஸத் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். அங்கே ஒரு கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. யாரோ கட்டுப்போட்ட பஞ்சை உள்ளே தள்ளியிருந்தார்கள். இசக்கிராஜா ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் செதில்கள், உடைந்த மெழுகுவர்த்தி மாதிரி. மேலே எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ்.

"இது என்னது தம்பி, புதுசா இருக்கு?"

"அடைப்பு எடுக்கதுக்குக்கா. ரெண்டு கைப்பிடி போட்டுத் தண்ணிய ஊத்துங்க. பஞ்சையே கரைச்சிரும்."

"ஆசிடா?"

"ஆசிடெல்லாம் இல்ல. சோப்புக் காரம் மாதிரின்னு வச்சுக்கிடுங்க."

கையுறை கேட்டாள். இருந்ததே ஒரு சோடிதான். வலது கைக்கானதில் பெருவிரலுக்குப் பக்கத்தில் கிழிசல் இருந்தது. வேறு கேட்டதற்கு அடுத்த வாரம் வருகிறது என்றான். அடுத்த வாரம் என்பது அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

செதிலைப் போட்டாள். தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. கொஞ்சம் இறங்கி மறுபடியும் நின்றுவிட்டது. குச்சியால் குத்திப் பார்த்தாள், நகரவில்லை. இடுப்பு வலியோடு ஒரு நோயாளி வெளியே காத்து நிற்கிறார், கதவைத் தட்டுகிறார். வேறு வழியில்லாமல் கையை விட்டுப் பஞ்சை இழுத்தாள். கிழிசல் வழியே தண்ணீர் கையுறைக்குள் இறங்கியது. வலிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் போல வழவழவென்று இருந்தது, அவ்வளவுதான். சுள்ளென்று ஏதாவது சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே உருவி எறிந்திருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை. அதே கையுறையோடு தரையைக் கழுவினாள், பக்கத்து இரண்டு அறைகளையும் முடித்தாள். அரைமணி நேரம் கழித்து எரிச்சல் ஆரம்பித்தபோதுதான் கழற்றினாள். உள்ளங்கையும் மூன்று விரல்களும் தண்ணீரில் ஊறின அப்பளம் மாதிரி வெளுத்திருந்தன. கழற்றும்போது தோலும் கொஞ்சம் கூட வந்தது.

அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் பெனோ ஓடி வந்தாள். சின்னப் பெண், ஆனால் விவரமானவள். டப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செல்லக்கிளியின் கையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கைய எடுக்காதீங்கக்கா. இன்னும் காட்டுங்க. இது தீப்பட்டதை விட மோசம், உள்ள போயிட்டே இருக்கும்."

அரைமணிக்கு மேல் அப்படியே பிடித்திருந்தாள். தண்ணீர் பட்டு அவள் வெள்ளை உடுப்பு முழுக்க நனைந்துவிட்டது. பிறகு மருந்து போட்டுக் கட்டிவிட்டு, டாக்டர் பார்க்க வேண்டும், ஓ.பி. சீட்டுப் போடுகிறேன் என்று பேனாவை எடுத்தாள்.

"பேரு என்ன போட? நோட்டுல இன்னைக்கு நீங்க இல்லையேக்கா."

செல்லக்கிளிக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் வரை வந்த பேரை விழுங்கிவிட்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து இசக்கிராஜா உள்ளே வந்தான்.

"சீட்டெல்லாம் எதுக்கு சிஸ்டர், லேசாத்தான் பட்டிருக்கு. அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

ஆஸ்பத்திரியிலேயே கை வெந்து, ஆஸ்பத்திரியிலேயே கட்டும் போட்டுக்கொண்டு, அங்கே வந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் செல்லக்கிளி பேருந்து ஏறினாள்.

மறுநாள் விடிந்ததும் பிச்சைக்கண்ணு அவளை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதற்கான ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காரம் ஆழமாகத் தின்றிருக்கிறது, தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டி வரும், அப்படி வைத்தாலும் இரண்டு விரல் மடங்கியே நின்றுபோகலாம் என்றார். எங்கே பட்டது என்று கேட்டார். வேலையில் என்றாள்.

"அப்போ உங்க முதலாளிகிட்ட விபத்து அறிக்கை வாங்கிட்டு வாங்கம்மா. வேலையில பட்ட காயம்னு இருந்தா, நாளைக்கு விரல் சரியாகலைன்னாலும் ஆயுசுக்கும் மாசாமாசம் ஒரு தொகை வரும். அது இல்லைன்னா வைத்தியமும் கொஞ்ச நாள் லீவுப் பணமும்தான். அறிக்கையை விட்டுராதீங்க."

ஆக, வேண்டியது ஒரே ஒரு வரி. வேலை பார்க்கும்போது பட்டது என்று ஒருத்தர் எழுத வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிவிடும். அந்த ஒரு வரிக்காகச் செல்லக்கிளி நடந்த நடையைக் கணக்குப் போட்டால் பாபநாசம் போய்த் திரும்பியிருக்கலாம்.

இசக்கிராஜா முதல் நாள் கூட்டத்தில் இருக்கிறேன் என்றான். இரண்டாம் நாள் காண்ட்ராக்டர் வெளியூர் என்றான். மூன்றாம் நாள், வாகனம் நிறுத்துகிற இடத்தில் வழிமறித்துப் பிடித்தாள்.

"தம்பி, எழுதித் தாரியா இல்லையா?"

"எப்பிடிக்கா எழுத? நோட்டப் பாத்தீங்களா? அன்னைக்கு உங்களுக்கு ஓய்வு. ஓய்வுல இருந்த ஆளுக்கு வேலையில எப்பிடிக் காயம் படும்?"

"நான் அங்கனதான நின்னேன்! டப்பாவ எங்கையில குடுத்தது நீதான?"

"நாந்தான். யாரு இல்லன்னா? ஆனா நோட்டுல நின்னது நஃபீஸத்துல்லா." கொஞ்சம் யோசித்தான். முகம் பிரகாசமானது. "வேணும்னா ஒண்ணு செய்யலாம். காயம் நஃபீஸத்துக்குப் பட்டதுன்னு எழுதிரலாம். நோட்டுக்கும் சரியா இருக்கும்."

செல்லக்கிளி அவனையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று பார்த்தாள். இல்லை, நிஜமாகவே வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நின்றான்.

"ஏலே, வெந்தது எங்கை. மருதாணி போட்ட கையோட அவ போயி ஆஸ்பத்திரில படுத்துக்கிடணுமோ? நல்லா இருக்குலே உன் நியாயம்!"

"மரியாதையாப் பேசுங்க, ஆமா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெனோ கட்டுப் போட்டாள்தான், ஆனால் நோட்டில் இருந்த பேரை அவளால் மாற்ற முடியாது. அதற்கு ஒரே சாட்சி நஃபீஸத். அன்றைக்கு நான் வரவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். செல்லக்கிளி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இடது கையால் எண்ணைத் தேடித் தேடி அமுக்கி, அன்றைக்கு மட்டும் ஆறு தடவை போட்டாள். மறுநாள் நாலு தடவை. எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிடவில்லை. இந்த வருஷம் வட்டலப்பமும் வரவில்லை.

"பாத்தேரா!" என்று பிச்சைக்கண்ணுவிடம் பொரிந்து தள்ளினாள். "நாலு வருசம் ஒரே எலையில தின்ன மாதிரி தின்னோம். அவளுக்காகப் போயி வெந்து வந்திருக்கேன், போன எடுக்கதுக்கு அவளுக்கு வலிக்குதாம்."

வலது கை முழங்கை வரை கட்டு. சோறு பிசைய முடியாது. தலை வார முடியாது. சேலையைக்கூட பிச்சைக்கண்ணுதான் சுற்றிவிட வேண்டியிருந்தது. அவருக்குக் கொசுவம் வைக்க வராது. வேட்டியைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிச் செருகிவிடுவார். எரிச்சல் ஒரு பக்கம், இந்தக் கோலம் ஒரு பக்கம். கண்ணாடியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் நாள் இசக்கிராஜா வீடு தேடி வந்தான். பையில் ஆப்பிள். அவன் ஆப்பிள் வாங்கி வந்தபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். கோபம் எல்லாம் நஃபீஸத் மேல் போய்விட்டதால் இவனுக்கு மிச்சம் இல்லாமல் போயிற்று.

"அக்கா, உங்க தம்பி மாதிரி நினைச்சுக் கேளுங்க," என்று ஆரம்பித்தான். "நீங்க வேலையில நின்னதாச் சொன்னா, நோட்டுல இருக்க கையெழுத்து பொய்யின்னு ஆகும். வராத நாளுக்கு நஃபீஸத் சம்பளம் வாங்கினதா ஆகும். அவள இன்னைக்கே அனுப்பிருவாங்க. போலீசுல எழுதிக் குடுத்தாலும் குடுப்பாங்க. ரசீத் அண்ணாச்சி படுக்கையில கெடக்காரு. அந்தப் பிள்ள காலேசு போகுது. நீங்க சொல்லுத ஒரு வார்த்தையில அந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆவும்?"

"அவ ஏன் எங்கிட்டப் பேச மாட்டேங்கா?"

"பயந்து போயிக் கெடக்காக்கா. உங்க பேரச் சொன்னாலே அழுதா."

ஒரு காகிதத்தை எடுத்தான். வீட்டில் கழிப்பறை சுத்தம் செய்யும்போது தவறுதலாகக் காயம் ஏற்பட்டது என்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தான். மருந்துச் செலவு காண்ட்ராக்டர் பொறுப்பு, வேலை அப்படியே காத்திருக்கும் என்று வாயால் சொன்னான். அந்த இரண்டும் காகிதத்தில் இல்லை.

பிச்சைக்கண்ணு வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்று சொல்வது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். அதையாவது அவள் கேட்டிருக்கலாம்.

"அவ போன எடுக்காம இருக்கட்டும். அது அவ கொணம்," என்றாள் செல்லக்கிளி. "அதுக்காக அவ வயித்துல நான் அடிக்க முடியுமா? ரசீத் அண்ணன பொரட்டிப் போடதுக்குக்கூட ஆளு இல்லாத வீடு அது."

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் அவள். சங்கத்துக் கடன் பத்திரத்திலிருந்து ரேஷன் அட்டை வரை எதிலும் கையெழுத்துத்தான் போடுவாள், மைப்பெட்டியை நீட்டினால் முறைப்பாள். அன்றைக்கு இசக்கிராஜா அவள் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி அந்தக் காகிதத்தில் வைத்தான். ஆப்பிளை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து அவனும் போனை எடுக்கவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. பத்தமடையே காலி. பிச்சைக்கண்ணுவைக் கட்டாயப்படுத்திச் சாஸ்தா கோயிலுக்கு அனுப்பிவிட்டு அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். பொங்கல் பானையைப் பிடிக்க முடியாத கையோடு போய் நாலு சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு மனசில்லை. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆட்கள் விவகாரத்தைக் கவனிக்கிற அதிகாரி சித்ரலேகா கூப்பிடுகிறார், உடனே வர வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த அறைக்குள் நுழைந்தால் நஃபீஸத் நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. மூலையில் இசக்கிராஜா சுவரைப் பார்த்து நின்றான். மேசையில் இரண்டு காகிதங்கள்.

"உக்காருங்கம்மா," என்றார் சித்ரலேகா. குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் மோசம். "பெருநாள் அன்னைக்கு நான் வேலைக்கு வரல, என் பேர்ல செல்லக்கிளி அக்காதான் வந்தாங்க, காயம் இங்கதான் பட்டதுன்னு நஃபீஸத் இன்னைக்குக் காலைல எழுதிக் கொடுத்திருக்காங்க. வீட்டுல பட்டதுன்னு நீங்க ரேகை வச்சிருக்கீங்க. இதுல எது உண்மை?"

செல்லக்கிளி திரும்பி நஃபீஸத்தைப் பார்த்தாள். நஃபீஸத்தும் இப்போதுதான் அந்த இன்னொரு காகிதத்தைப் பார்க்கிறாள் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ எழுதுனதுதான் மேடம் நெசம்."

"அப்போ இது?"

"அது பொய்."

"ரேகை உங்களுதுதானே?"

"என்னுதுதான். இந்தா நிக்கானே, இவன்தான் எழுதிக் கொண்டாந்து வைக்கச் சொன்னான். மாத்தும் இவனுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு. நாலு வருசமா நடக்கு. கேளுங்க அவங்கிட்ட!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றான் இசக்கிராஜா சுவரிடம். "அவங்களுக்குள்ள என்னமோ செஞ்சிருக்காங்க."

சித்ரலேகா பெருமூச்சு விட்டார். "இந்தக் காகிதம் ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. உங்க ரேகையோட போயிருக்கு. இப்போ நீங்களே அது பொய்ங்கறீங்க. நோட்டுல போட்டதும் பொய்க் கையெழுத்து. ரெண்டு தடவை பொய் சொன்னவங்க மூணாவது தடவை சொல்றதை எதை வச்சு நம்பச் சொல்றீங்க? விசாரணை முடியற வரைக்கும் ரெண்டு பேரும் வேலைக்கு வர வேண்டாம்."

செல்லக்கிளி பல்லால் முடிச்சை இழுத்துக் கட்டை அவிழ்த்தாள். நஃபீஸத் "அக்கா, அக்கா" என்று தடுக்கப் பார்த்தாள். கேட்கவில்லை. பச்சைச் சதையாக இருந்த கையைத் தூக்கி இரண்டு காகிதத்துக்கும் நடுவில் வைத்தாள்.

"காயிதம் ரெண்டு இருக்கு மேடம். கை ஒண்ணுதான் இருக்கு. அதப் பாத்து எழுதுங்க."

சித்ரலேகா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதை நான் முடிவு பண்ண முடியாதும்மா. கட்டைக் கட்டிக்கோங்க, கிருமி ஏறிடும்."

வெளியே வந்து இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துப் போனார்கள். கட்டைத் திரும்பச் சுற்றிவிட்டுக்கொண்டே நஃபீஸத் நடந்தாள். நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் செல்லக்கிளி வெடித்தாள்.

"ஏட்டி, எழுதிக் குடுக்கதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"நீங்க ரேகை வைக்கதுக்கு முந்தி எங்கிட்டக் கேட்டீங்களாக்கா?"

"போன எடுத்தாத்தான கேக்க! பத்து தடவ போட்டேன்."

"இசக்கிராஜா எடுக்கக் கூடாதுன்னான். ரெண்டு பேரும் பேசுனது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும், அக்காவுக்கு நான் எல்லாம் முடிச்சுக் குடுத்துருதேன், நீ வாய மூடிட்டு இருந்தாப் போதும்னான். நானும் நம்பிட்டேன். நேத்துதான் பெனோ சொல்லுதா, ரெண்டு வெரலு மடங்கிரும், ஒரு அறிக்கையும் போகலன்னு. அல்லா மேல ஆணையா ராத்திரி பூரா ஒறங்கலக்கா. எனக்குப் பெருநாளு, உங்களுக்குக் கை போச்சேன்னு..." குரல் உடைந்தது. உடனே கோபமும் வந்தது. "எனக்காக வெரலக் குடுங்கன்னு உங்ககிட்ட யாரு கேட்டா?"

"எனக்காக வேலையக் குடுன்னு உங்கிட்ட யாரு கேட்டா?"

பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தான். செல்லக்கிளி ஒரு முறை முறைத்தாள், அவன் நகர்ந்து போனான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை. இசக்கிராஜா மேல் கோபப்படலாம், அவன் எங்கேயோ ஏ.சி. அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

"நம்ம ரெண்டு பேரையும் பேச விடாம வச்சான் பாத்தியா," என்றாள் செல்லக்கிளி கடைசியில், தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுலதான்ட்டி தோத்தோம். நீ ஒரு பக்கம் போயி நெசத்தச் சொன்ன, நான் ஒரு பக்கம் போயி பொய்யச் சொன்னேன். ரெண்டும் சேந்து ஒண்ணுக்கும் ஆகாமப் போச்சு."

"இப்ப என்னக்கா செய்ய?"

"திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாங்க. ரெண்டு பேரும் போவோம். ஒரே மனு, ஒரே பேச்சு. நோட்டு இருக்கா பையில?"

தஸ்மியாவின் பழைய நோட்டு ஒன்று நஃபீஸத்தின் பையில் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு ஐயா என்று ஆரம்பித்தாள். பத்தமடைப் பேருந்து வந்தது. ஏறவில்லை. பின்னாலேயே மேலப்பாளையத்துக்குப் போகிறதும் வந்தது. அதையும் விட்டார்கள். மாத்து நடந்ததை, டப்பாவை, கிழிந்த கையுறையை, ஆப்பிளை எல்லாம் ஒன்றுவிடாமல் செல்லக்கிளி சொல்லச் சொல்ல நஃபீஸத் எழுதினாள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினாள்.

"என்ன வேணும்னு கேக்கணும்க்கா கடைசியில? திரும்ப வேலை கேக்கவா? பணம் கேக்கவா?"

செல்லக்கிளி கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் பெறகு. வேலை பாக்கும்போது பட்டதுன்னு எவனாவது ஒருத்தன் எழுதணும். மொதல்ல அதக் கேளு."

நஃபீஸத் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.